ப்ராக்ஸியும் அக்கவுண்டும்: டாஷ்போர்டில் ஒதுக்கீட்டை எப்படி வைத்துக்கொள்வது?

நீங்கள் கேட்டிருப்பது இது: உங்கள் ஏஜென்சி வாடிக்கையாளர்களின் அக்கவுண்டுகள் அறுபதைப் பார்த்துக்கொள்கிறது. அவற்றுக்காக இருபது ப்ராக்ஸி, அதாவது நடுவில் நின்று உங்கள் முகவரிக்குப் பதில் தன் முகவரியைத் தளத்துக்குக் காட்டும் சர்வர்கள், வாங்கி வைத்திருக்கிறீர்கள். இவற்றை நிர்வகிக்கும் டாஷ்போர்டில் ப்ராக்ஸிக்கு ஒரு பக்கம், அக்கவுண்டுக்கு ஒரு பக்கம், நடுவில் ‘ஆட்டோ அசைன்’ என்று ஒரு பட்டன். போன வாரம் ஒரு ப்ராக்ஸி படுத்துவிட்டது. அதை நீக்கிவிட்டு அந்தப் பட்டனை அழுத்தினீர்கள். மறுநாள் காலையில் பாதிக்கு மேற்பட்ட அக்கவுண்டுகள் ‘இது நீங்கள்தானா’ என்று சரிபார்ப்புக் கேட்டு நின்றன. ஏன் இப்படி ஆனது, எப்படி வைத்துக்கொண்டால் திரும்ப ஆகாது?

முதலில் நேரடியான பதில். ப்ராக்ஸி பட்டியலையும் அக்கவுண்ட் பட்டியலையும் எல்லோரும் கவனமாகத்தான் பராமரிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒதுக்கீட்டை, அதாவது எந்த அக்கவுண்ட் எந்த ப்ராக்ஸி வழியாகப் போகிறது என்பதை மட்டும், மென்பொருள் அவ்வப்போது கணக்குப் போட்டுச் சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஒதுக்கீடு என்பது எழுதி வைக்க வேண்டிய ஒரு பதிவு. ஒருமுறை எழுதினால், ஒரு ஆள் காரணம் சொல்லி மாற்றும்வரை அது அப்படியே இருக்க வேண்டும். ப்ராக்ஸி இல்லாமல் போன அக்கவுண்ட் நேரடி இணைப்பில் ஓடக் கூடாது, நின்றுவிட வேண்டும். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் பொறுமையாகச் சரிசெய்யக் கூடியவை.

உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பல டாஷ்போர்டுகளில் அந்தப் பட்டன் செய்வது எளிய வகுத்தல் கணக்கு. அக்கவுண்டின் வரிசை எண்ணை ப்ராக்ஸிகளின் எண்ணிக்கையால் வகுத்து, மீதி எவ்வளவோ அந்த எண்ணுள்ள ப்ராக்ஸியைக் கொடுத்துவிடும். 20 ப்ராக்ஸி இருக்கும்போது 47ஆம் அக்கவுண்டுக்கு மீதி 7, ஆகவே 7ஆம் எண் ப்ராக்ஸி. ஒன்றை நீக்கி 19 ஆனதும் அதே 47க்கு மீதி 9. 7ஆம் ப்ராக்ஸி நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனாலும் 47 அங்கிருந்து பிடுங்கப்பட்டு 9க்குப் போய்விடும். 0 முதல் 19 வரை எண் போட்டு, கடைசி ப்ராக்ஸியை நீக்கியதாக வைத்து உங்கள் அறுபதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 முதல் 18 வரையுள்ள அக்கவுண்டுகள் மட்டும் பழைய இடத்தில் இருக்கும், 42 அக்கவுண்டுகள் மாறிவிடும். படுத்த ப்ராக்ஸியில் இருந்தவையோ 19, 39, 59 என்று மூன்றே மூன்று. மூன்றை மாற்ற வேண்டிய இடத்தில் 42 மாறியிருக்கின்றன.

உங்கள் டாஷ்போர்டு இதைத்தான் செய்கிறதா என்று சந்தேகம் இருந்தால், சோதனைக்கென்று சில வெற்று அக்கவுண்டுகளைப் போட்டு, பட்டனை அழுத்துவதற்கு முன் ஒரு ஏற்றுமதி (ஒதுக்கீட்டுப் பட்டியலைக் கோப்பாக இறக்கிக்கொள்வது), அழுத்திய பின் ஒரு ஏற்றுமதி எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எதுவும் சேர்க்காமல், நீக்காமல் இரண்டாம் முறை அழுத்தினாலே இடம் மாறுகிறது என்றால், அந்தப் பட்டனைத் தொடவே வேண்டாம். நல்ல டாஷ்போர்டில் ‘ஒதுக்கீடு இல்லாதவற்றுக்கு மட்டும்’ என்று ஒரு தேர்வு இருக்கும். அது இருந்தால் அதை மட்டும் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஒதுக்கீட்டைக் கையால் செய்யுங்கள். அறுபது அக்கவுண்டுக்கு அது ஒரு மதியப் பொழுது வேலைதான்.

இடம் மாறினால் ஏன் சரிபார்ப்புக் கேட்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் நிலைமையை இன்னும் கெடுத்துக்கொள்கிறார்கள். தளங்கள் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை, மட்டும் பார்ப்பதில்லை. குக்கி (தளம் உங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் அடையாளக் குறிப்பு), பிரவுசர், நேர மண்டலம், மொழி, வழக்கமாக லாகின் ஆகும் ஊர் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கின்றன. காலையில் சென்னையில் இருந்த அக்கவுண்ட் பத்து நிமிடத்தில் ஃப்ராங்க்ஃபர்ட்டில் இருந்தால், யாரோ திருடிவிட்டார்கள் என்று அந்தத் தளம் நினைப்பது நியாயமானது. வாடிக்கையாளரின் பாதுகாப்புக்காகத்தான் அந்தக் கதவை அடைக்கிறார்கள். அந்த நேரத்தில் ‘இந்த ப்ராக்ஸி சரியில்லை, வேறொன்று போட்டுப் பார்க்கலாம்’ என்று மாற்றுவது மிகத் தவறான முடிவு. திருட்டுச் சந்தேகத்தில் இருக்கும் அக்கவுண்ட் மூன்றாவதாக இன்னொரு ஊரில் தலைகாட்டினால் சந்தேகம் உறுதியாகிவிடும். சரிபார்ப்புக் கேட்டால், பழைய ப்ராக்ஸிக்கே திருப்பி வைத்து, வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, ஓடிபி வாங்கி, சரிபார்ப்பை முடியுங்கள். அது முடியும்வரை அந்த அக்கவுண்டின் எல்லா வேலைகளையும் நிறுத்தி வையுங்கள்.

அப்புறம், அறுபதுக்கும் ப்ராக்ஸி தேவையா என்று ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பது நல்லது. ஃபேஸ்புக் பக்கம், இன்ஸ்டாகிராம் வணிக அக்கவுண்ட் என்றால் மெட்டாவின் வணிகக் கணக்கு வழியாக வாடிக்கையாளரே உங்கள் ஏஜென்சிக்கு அனுமதி கொடுத்துவிடலாம், பாஸ்வேர்டு கைமாற வேண்டியதே இல்லை. கூகுள் விளம்பரங்களுக்கு மேனேஜர் அக்கவுண்ட் இருக்கிறது. யூடியூப் சேனலுக்கும் லிங்க்டின் பக்கத்துக்கும் தனித்தனிப் பொறுப்புகள் கொடுக்கும் வசதி இருக்கிறது. இப்படி முறையான வழி உள்ள இடத்தில் உங்கள் ஊழியர் தன் சொந்தப் பெயரில், தன் சொந்த இணைப்பில் நுழையலாம். தளத்துக்கும் சந்தேகம் வராது, ஊழியர் வேலையை விட்டுப் போனால் அனுமதியை எடுத்துவிட்டால் போதும்.

ப்ராக்ஸி உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள் இதைவிடக் குறைவு. வாடிக்கையாளரின் நிர்வாகப் பக்கம் குறிப்பிட்ட ஐபியிலிருந்து மட்டும்தான் திறக்கும் என்றால் தேவை. ஒரே ஒரு யூசர்நேம், பாஸ்வேர்டு மட்டும் தரும் பழைய விற்பனையாளர் தளத்தில் உங்கள் ஊழியர்கள் நாலைந்து வீடுகளிலிருந்து மாறி மாறி நுழைந்தால், எல்லோரும் ஒரே நிலையான முகவரியில் வெளியே போவதற்குத் தேவை. வேறு நாட்டில் விளம்பரம் எப்படித் தெரிகிறது என்று பார்க்கத் தேவை. இவற்றைப் பிரித்தெடுத்தால் உங்கள் அறுபது கணிசமாகச் சுருங்கிவிடும் என்றுதான் நினைக்கிறேன். ஒரே ஆள் பல பேராக வேடம் போடுவதற்கோ, பொய் அக்கவுண்டுகளை வளர்ப்பதற்கோ இதே கருவிகளைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது தளங்களின் விதிக்கும் விரோதம், அங்கே வாங்கும் சாதாரண மக்களுக்கும் துரோகம். நான் சொல்வது உரிமையாளரின் சம்மதத்தோடு உரிமையாளரின் அக்கவுண்டைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு.

இனி டாஷ்போர்டுக்குள் போவோம். ப்ராக்ஸிப் பக்கத்தில் ஒவ்வொரு வரியிலும் முகவரி, போர்ட் (அந்த முகவரியில் எந்த வாசல் வழியாக இணைவது என்ற எண்), யூசர்நேம், பாஸ்வேர்டு இருக்கும். இவை போதாது. மிக முக்கியமான இன்னொன்றை நீங்களே சேர்க்க வேண்டும்: வெளியே தெரியும் ஐபி. நீங்கள் இணைவது ப்ராக்ஸி விற்பவரின் நுழைவாயில் முகவரியோடு. அந்தப் பக்கத்தில் தளத்தின் கண்ணில் படுவது வேறொரு முகவரியாக இருக்கலாம். உதாரணத்துக்கு, உங்கள் பட்டியலில் 203.0.113.24:3128 என்று ஒரு வரியும் 203.0.113.24:3129 என்று ஒரு வரியும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க இரண்டும் ஒரே ப்ராக்ஸி போலத் தெரியும். ஆனால் முதல் போர்ட் 198.51.100.7 ஆகவும் இரண்டாவது 198.51.100.90 ஆகவும் வெளியே போகலாம். தலைகீழாகவும் நடக்கும்: முகவரி வேறு வேறாக உள்ள இரண்டு வரிகள் ஒரே ஐபியில் வெளியே வரும். இருபது வாங்கியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், வெளியே தெரிவது பதினான்காக இருக்கும். ஆகவே ஒவ்வொரு வரியின் வழியாகவும் ஒருமுறை வெளியே போய், என்ன ஐபி தெரிகிறது என்று பார்த்து, அதைப் பதிவு செய்யுங்கள். டாஷ்போர்டில் அதற்கு இடம் இல்லையென்றால் குறிப்பு எழுதும் கட்டத்தில் போடுங்கள். முதல் மூன்று எண்களும் ஒன்றாக உள்ள முகவரிகள், மேலே சொன்ன 7ம் 90ம் போல, ஒரே சப்நெட்டை, அதாவது ஒரே முகவரித் தொகுதியை, சேர்ந்தவையாகவே பெரும்பாலும் பார்க்கப்படும். அந்தத் தொகுதியில் யாரோ செய்த வேண்டாத வேலைக்காக ஒன்று தடைபட்டால் மற்றதும் சேர்ந்து தடைபட வாய்ப்பு அதிகம்.

‘ப்ராக்ஸி 1’, ‘ப்ராக்ஸி 2’ என்று பெயர் வைக்காதீர்கள். விற்பவர், ஊர், வெளியே தெரியும் ஐபியின் கடைசி எண், காலாவதி மாதம் ஆகியவை பெயரிலேயே தெரிந்தால், இரவு பத்து மணிக்கு யாராவது போனில் கேட்கும்போது பக்கம் பக்கமாகத் தேட வேண்டியதில்லை.

மொத்தமாக இறக்குமதி செய்யும்போதுதான் பிழைகள் அதிகம் நுழைகின்றன. விற்பவர்கள் சிலர் முகவரி, போர்ட், யூசர்நேம், பாஸ்வேர்டு என்று நாலையும் முக்காற்புள்ளியால் பிரித்துக் கொடுப்பார்கள். சிலர் யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் முன்னால் போட்டு, @ குறி வைத்து, அப்புறம் முகவரியைத் தருவார்கள். பாஸ்வேர்டுக்குள்ளேயே முக்காற்புள்ளியோ @ குறியோ இருந்தால் டாஷ்போர்டு தவறான இடத்தில் வெட்டிவிடும். யூஆர்எல் வடிவத்தில் கொடுக்க வேண்டிய இடத்தில் @ என்பதை %40 என்றும், முக்காற்புள்ளியை %3A என்றும், # என்பதை %23 என்றும் மாற்றி எழுத வேண்டும். இதைவிட எளிது, விற்பவரின் பக்கத்தில் பாஸ்வேர்டை எழுத்தும் எண்ணும் மட்டும் உள்ளதாக, ஆனால் நீளமாக, மாற்றிக்கொள்வது. எக்செல் வழியாகப் போனால் இன்னொரு தொல்லை உண்டு. வெறும் எண்களாலான பாஸ்வேர்டு பூஜ்யத்தில் தொடங்கினால் அந்தப் பூஜ்யத்தை அது தின்றுவிடும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மிச்ச இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும். பாஸ்வேர்டு உள்ள பத்தியை (நெடுவரிசையை) முதலிலேயே உரை வடிவம் என்று அமைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

எக்செலில் இன்னும் மோசமானது, ஒதுக்கீட்டை வரிசையை நம்பிச் செய்வது. இந்தப் பக்கம் அக்கவுண்ட் பத்தி, அந்தப் பக்கம் ப்ராக்ஸி பத்தி, இரண்டும் நேருக்கு நேர் என்று வைத்திருப்பார்கள். யாராவது ஒரு பத்தியை மட்டும் அகரவரிசைப்படுத்தினால் மொத்த ஒதுக்கீடும் கலைந்துவிடும். கலைந்தது என்று கண்ணுக்கும் தெரியாது. ஒவ்வொரு ப்ராக்ஸிக்கும் மாறாத அடையாள எண் ஒன்று கொடுத்து, அக்கவுண்ட் வரியில் அந்த எண்ணை எழுதுங்கள்.

எதை எதோடு சேர்ப்பது என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. அறுபதை இருபதால் வகுத்து மூன்று மூன்றாகப் போடுவது பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் அது தவறான பங்கீடு. வாடிக்கையாளரை வைத்துப் பிரியுங்கள். ஒரு ஜவுளிக் கடைக்கு ஐந்து அக்கவுண்ட் இருந்தால் ஐந்தும் ஒரே ப்ராக்ஸியில் போகட்டும். அவை ஒரே உரிமையாளருடையவை என்பது உண்மை, அதை மறைக்கவும் வேண்டியதில்லை. இன்னொரு வாடிக்கையாளரின் அக்கவுண்ட் அதே ப்ராக்ஸியில் ஏறக் கூடாது. ஒருவரின் அக்கவுண்டில் வரும் பிரச்சினை இன்னொருவர் தலையில் விழுந்தால் உங்களால் பதில் சொல்ல முடியாது. ‘உங்கள் அக்கவுண்ட் ஏன் நின்றது என்றால், எங்களுடைய வேறொரு வாடிக்கையாளர்...’ என்று எந்த வாடிக்கையாளரிடமும் பேச்சைத் தொடங்க முடியாது. இருபதுக்கு மேல் வாடிக்கையாளர்கள் இருந்தால் இன்னும் சில ப்ராக்ஸி வாங்குங்கள், அல்லது முறையான அனுமதி வழி உள்ளவர்களை ப்ராக்ஸியிலிருந்து இறக்கிவிடுங்கள்.

டாஷ்போர்டில் ‘ஒரு ப்ராக்ஸிக்கு அதிகபட்சம் இத்தனை அக்கவுண்ட்’ என்ற வரம்பு இருந்தால் அதைக் கட்டாயம் போட்டு வையுங்கள். அவசரத்தில் யாரோ எல்லாவற்றையும் முதல் ப்ராக்ஸியில் கொட்டுவதை அது தடுக்கும்.

இப்போது நான் மிகவும் ஆபத்தானதாக நினைக்கும் இடம். ப்ராக்ஸியை நீக்கினால் அதில் இருந்த அக்கவுண்டுகளுக்கு என்ன ஆகிறது? தரவுத்தளத்தில் இதற்குப் பொதுவாக இரண்டு வழி உண்டு. ‘இன்னும் மூன்று அக்கவுண்ட் இதில் இருக்கிறது, நீக்க முடியாது’ என்று மறுப்பது ஒன்று. ப்ராக்ஸியை நீக்கிவிட்டு அந்த மூன்று அக்கவுண்டிலும் ப்ராக்ஸிக் கட்டத்தை வெறுமையாக்குவது இன்னொன்று. எழுதுகிறவர்களுக்கு இரண்டாவது எளிது, அதனால் பல மென்பொருள்களில் அதுதான் இருக்கும். வெறுமையான கட்டத்தை அடுத்து ஓடும் நிரல் எப்படிப் படிக்கிறது என்பதில்தான் வினை. ‘ப்ராக்ஸி எதுவும் இல்லை, ஆகவே நேராகப் போ’ என்று படித்தால், அந்த மூன்று அக்கவுண்டும் உங்கள் அலுவலக பிராட்பேண்ட் ஐபியில் வெளியே போய்விடும். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியாது, வேலைகள் வெற்றி என்றே காட்டும். வாடிக்கையாளரின் போனுக்கு எச்சரிக்கை வரும்போதுதான் உங்களுக்குத் தெரியும்.

இதைச் சோதிப்பது சுலபம். ஒரு சோதனை அக்கவுண்டுக்கு ஒரு ப்ராக்ஸியைக் கொடுங்கள். அந்த ப்ராக்ஸியின் பாஸ்வேர்டை வேண்டுமென்றே தவறாக மாற்றுங்கள். பிறகு அந்த அக்கவுண்டில், உங்கள் ஐபி என்ன என்று காட்டும் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். பிழை வந்து நின்றால் நல்லது. பக்கம் திறந்துவிட்டால், அது நேரடியாகப் போகிறது என்று அர்த்தம். அடுத்ததாக ப்ராக்ஸியையே நீக்கிவிட்டு இதே சோதனையைச் செய்யுங்கள். இரண்டில் எதிலாவது பக்கம் திறந்தால் டாஷ்போர்டை நம்பாதீர்கள். அது ஓடும் கணினியின் ஃபயர்வாலில் (இணையப் போக்குவரத்தை அனுமதிக்கும், தடுக்கும் காவல் மென்பொருளில்), அந்த ப்ராக்ஸி முகவரிகளையும் டாஷ்போர்டுக்குத் தேவையான ஓரிரண்டு முகவரிகளையும் தவிர வெளியே எங்கும் போக முடியாதபடி அடைத்துவிடுங்கள். மென்பொருள் என்ன நினைத்தாலும் வழி இல்லாமல் நின்றுவிடும்.

நீக்குவதற்குப் பதில் நிலைகளை வைத்துக்கொள்வது என் வழக்கம். ஓடுகிறது, புது ஒதுக்கீடு வேண்டாம், நிறுத்தி வைக்கப்பட்டது, ஓய்வு பெற்றது. நாலு போதும். ஓய்வு பெற்ற வரி பட்டியலிலிருந்து மறையலாம், தரவுத்தளத்திலிருந்து மறையக் கூடாது. அப்போதுதான் ‘போன மாதம் 14ஆம் தேதி மாலை இந்த அக்கவுண்ட் எந்த ஐபியில் இருந்தது’ என்று வாடிக்கையாளர் கேட்டால் சொல்ல முடியும். அதற்கு ஒதுக்கீட்டையும் அக்கவுண்ட் வரியில் ஒரு கட்டமாக வைக்காமல், அக்கவுண்ட், ப்ராக்ஸி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், மாற்றியவர், காரணம் என்று தனி அட்டவணையாக வையுங்கள். முடிந்த நேரம் வெறுமையாக இருக்கும் வரி, ஓர் அக்கவுண்டுக்கு ஒன்றுதான் இருக்கலாம் என்று தரவுத்தளத்திலேயே கட்டுப்பாடு போட்டுவிட்டால், இரண்டு ஊழியர்கள் ஒரே நேரத்தில் மாற்றினாலும் குழப்பம் வராது. நிறுவனம் இந்தியாவில் இருந்தால் இது வெறும் வசதிக்காக மட்டும் அல்ல. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாகுகளை, அதாவது செயல்பாட்டுப் பதிவுகளை, 180 நாட்களுக்குப் பாதுகாத்து வைக்கச் சொல்கிறது.

பச்சை டிக் பற்றி. டாஷ்போர்டில் ப்ராக்ஸிக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு குறி இருக்கும். பெரும்பாலும் அதன் பொருள், அந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்பது மட்டும்தான். பாஸ்வேர்டு சரியா, வெளியே போக முடிகிறதா, எந்த ஐபியில் போகிறது என்று அதற்குத் தெரியாது. சரியான சோதனை, உங்கள் சொந்த சர்வரில் வந்தவரின் ஐபியைத் திருப்பிச் சொல்லும் ஒரு சின்னப் பக்கத்தை வைத்து, ஒவ்வொரு ப்ராக்ஸி வழியாகவும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதைக் கேட்டு, பதிவு செய்த ஐபியோடு ஒப்பிடுவது. பதில் வருகிறது ஆனால் ஐபி மாறியிருக்கிறது என்றால், படுத்துவிட்டதைவிட அது அவசரமான செய்தி. அந்த ப்ராக்ஸியின் வேலைகளை உடனே நிறுத்த வேண்டும். வாடிக்கையாளரின் தளத்திலேயே போய்ச் சோதிக்காதீர்கள், அங்கே தேவையில்லாத வரத்து போகும். ஒரு தடவை தோற்றதும் சிவப்பாக்கவும் வேண்டாம், தொடர்ந்து மூன்று முறை தோற்றால் போதும்.

பிழை எண்ணைப் படிக்கப் பழகினால் பாதி அலைச்சல் மிச்சம். 407 என்றால் ப்ராக்ஸி உங்கள் யூசர்நேமையோ பாஸ்வேர்டையோ ஏற்கவில்லை. 429 என்றால் மிகையாகக் கேட்கிறீர்கள் என்று யாரோ சொல்கிறார்கள். பெரும்பாலும் அது தளம், வேகத்தைக் குறைக்க வேண்டுமே தவிர ப்ராக்ஸியை மாற்றக் கூடாது. 403தான் குழப்பும், ஏனென்றால் அதை ப்ராக்ஸியும் சொல்லலாம், தளமும் சொல்லலாம். எச்டிடிபிஎஸ் தளத்துக்குப் போகும்போது முதலில் ‘இந்தத் தளத்துக்கு இணைத்துவிடு’ என்று ப்ராக்ஸியிடம் ஒரு கோரிக்கை போகும். அதற்கு ‘சரி’ என்று பொருள்படும் 200 வந்த பிறகுதான் தளத்தோடு பேச்சே தொடங்கும். லாகில் அந்த 200க்கு முன்னால் 403 வந்திருந்தால் அது ப்ராக்ஸியின் மறுப்பு, விற்பவரிடம் கேளுங்கள். 200க்குப் பின்னால் வந்திருந்தால் தளத்தின் மறுப்பு. இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனிக்காமல் நல்ல ப்ராக்ஸிகளைத் தூக்கி எறிந்துகொண்டே இருப்பவர்கள் நிறைய.

யூசர்நேம், பாஸ்வேர்டு வேண்டாம், அலுவலக ஐபியை விற்பவரிடம் பதிவு செய்துகொள்ளலாம் என்று ஒரு முறை உண்டு. குரோம் பிரவுசர் சாக்ஸ்5 என்ற வகை ப்ராக்ஸிக்கு யூசர்நேம், பாஸ்வேர்டு அனுப்பாது என்பதால் சிலர் அந்தப் பக்கம் போகிறார்கள். சாதாரண பிராட்பேண்டில் ரவுட்டரை அணைத்துப் போட்டால் ஐபி மாறக்கூடும். அன்று காலை இருபதும் ஒரே நேரத்தில் படுக்கும். அதைவிடப் பெரிய கவலை, பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது ஐபியை நிறைய வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது. உங்கள் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் உங்களுக்கும் அப்படித்தான். இந்தத் தொகுதி 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அந்த நிலையில் உங்கள் ஐபியை அனுமதித்தால், முகம் தெரியாத அத்தனை பேருக்கும் சேர்த்து ப்ராக்ஸியைத் திறந்துவிடுகிறீர்கள். நிலையான ஐபி சொந்தமாக இல்லாதவர்கள் எச்டிடிபி ப்ராக்ஸியும் பாஸ்வேர்டும் வைத்துக்கொள்வதே நல்லது. சாக்ஸ்5 பயன்படுத்தினால், தளத்தின் பெயரை ஐபியாக மாற்றும் டிஎன்எஸ் வேலை உங்கள் கணினியில் நடக்கிறதா ப்ராக்ஸியில் நடக்கிறதா என்று பாருங்கள், ப்ராக்ஸியில் நடக்க வேண்டும். பிரவுசரில் வீடியோ அழைப்புக்குப் பயன்படும் வெப்ஆர்டிசி என்ற வசதி ப்ராக்ஸியைத் தாண்டி உங்கள் உண்மையான ஐபியைக் காட்டிவிடக் கூடும், அதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

எங்கே வாங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ‘ரெசிடென்ஷியல்’ என்ற பெயரில் மலிவாக விற்பவை யாரோ ஒருவர் வீட்டு இணைப்பு. அந்த வீட்டுக்காரர் தெரிந்து சம்மதித்தாரா என்பதுதான் கேள்வி. 2024 மே மாதம் அமெரிக்க நீதித் துறை முடக்கிய 911 எஸ்5 என்ற வலையமைப்பு, இலவச விபிஎன் செயலிகள் மூலம் மக்களின் கணினிகளில் புகுந்து, 1.9 கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகளை ப்ராக்ஸியாக விற்றுக்கொண்டிருந்தது. அந்த வீடுகளின் முகவரியில் பெரிய அளவில் மோசடிகள் நடந்தன. உங்கள் வாடிக்கையாளரின் அக்கவுண்ட் அப்படிப்பட்ட முகவரியில் ஓடுவது யாருக்கும் நல்லதில்லை. உங்கள் தேவைக்கு ஒரே ஐபி மாதக்கணக்கில் மாறாமல், உங்களுக்கு மட்டும் கிடைப்பதுதான் முக்கியம். ஐபி அடிக்கடி மாறும் சுழலும் ப்ராக்ஸி உங்களுக்கு வேண்டவே வேண்டாம். சொந்தமாக ஒரு சின்ன சர்வர் எடுத்து அதில் ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி மென்பொருளைப் போட்டுக்கொள்வதும் நல்ல வழி. வாடிக்கையாளரின் நிர்வாகப் பக்கத்தில் ஐபியைப் பதிவு செய்யும் வேலைக்கு அதைவிடச் சிறந்தது இல்லை.

காலாவதித் தேதிகளை ஒரே நாளில் வைக்காதீர்கள். பணம் கட்ட ஒரு நாள் தாமதமானால் அந்த ஐபி வேறொருவருக்குப் போய்விடக் கூடும், திரும்பக் கேட்டாலும் கிடைக்காமல் போகலாம். டாஷ்போர்டு ஒரு வாரம் முன்பே எச்சரிக்கும்படி அமையுங்கள்.

ஊழியர்களுக்கு என்ன அனுமதி என்பதில் ஒரே ஒரு வார்த்தை. ஒதுக்கீட்டைப் பார்க்க எல்லோருக்கும் அனுமதி கொடுங்கள், மாற்ற இரண்டு பேருக்கு மட்டும் கொடுங்கள். ஏற்றுமதிப் பட்டனும் அந்த இரண்டு பேரிடமே இருக்கட்டும், ஏனென்றால் அந்த ஒரு கோப்பில் எல்லா ப்ராக்ஸிகளின் பாஸ்வேர்டும் இருக்கும்.

ஒரு ப்ராக்ஸி உண்மையிலேயே திரும்பி வராது என்று உறுதியானால், தானாக வேறொன்றுக்குத் தாவும் வசதியை நம்பாமல் இப்படிச் செய்யுங்கள். அதே ஊரில் ஒரு புது ப்ராக்ஸி வாங்கி, வெளியே தெரியும் ஐபியைப் பதிவு செய்யுங்கள். அதே விற்பவரிடம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஓடிபி வரலாம் என்று வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் போனை எடுக்கும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். குக்கிகளையும் பிரவுசர் அமைப்பையும் தொடாமல், முக்கியத்துவம் குறைந்த ஓர் அக்கவுண்டை மட்டும் முதலில் மாற்றுங்கள். ஒரு நாள் கையால் சாதாரண வேலைகளை மட்டும் செய்து பாருங்கள். அது அமைதியாக இருந்தால் மறுநாள் மற்றவற்றை ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் 42 அக்கவுண்டுகளுக்கும் இதே பொறுமைதான் வேண்டும். பட்டனை அழுத்துவதற்கு முந்தைய ஏற்றுமதியோ பேக்கப்போ இருந்தால், 39 அக்கவுண்டுகளைப் பழைய ப்ராக்ஸிக்கே திருப்பி வைக்கலாம், அந்த ப்ராக்ஸிகள் நன்றாகத்தானே ஓடுகின்றன. அது இல்லையென்றால், எந்த அக்கவுண்ட் எங்கிருந்து நுழைந்தது என்ற லாகின் வரலாறு பெரும்பாலான தளங்களின் பாதுகாப்பு அமைப்புகளிலேயே இருக்கும். சரிபார்ப்புக் கேட்காத அக்கவுண்டுகளிலிருந்து தொடங்குங்கள், அவற்றுக்குள் உங்களால் இன்னும் போய்ப் பார்க்க முடியும். கேட்டு நிற்பவற்றில் எந்த வாடிக்கையாளருக்கு இந்த வாரம் விற்பனையோ விளம்பரமோ ஓடுகிறதோ, அவரை இன்றே கூப்பிடுங்கள்.